குறை காதிலா, கூடத்திலா?

வேலையில் இருந்தவரை நல்ல ஸ்டீரியோ ஒன்று வாங்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, பிள்ளைகள் படிப்பு, கல்யாணம், வீட்டுக் கடன் என்று தள்ளிப்போட்டவர்கள் நம்மில் பலர். ஓய்வு பெற்றதும் முதல் வேலையாக அதை வாங்குவோம். நானும் வாங்கினேன். ஆம்ப்ளிஃபையர் ஒன்று, இடுப்பளவு உயரத்தில் இரண்டு ஸ்பீக்கர்கள். கேசட்டில் இருந்த கச்சேரிகளை எல்லாம் கணினியில் ஏற்றி வைத்திருந்தேன். இனி மேல் வாழ்க்கையில் பாட்டு கேட்பது ஒன்றுதான் பாக்கி என்று நினைத்தேன்.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது ஒரே ஒரு விஷயம். உங்கள் வீட்டில் பாட்டு சரியாகக் கேட்கவில்லை என்றால் ஸ்பீக்கரைக் குறை சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் காதையும் குறை சொல்லாதீர்கள். முதலில் அறையை அளந்து பாருங்கள். அளப்பதற்கு இப்போது இலவசமாகவே மென்பொருள் கிடைக்கிறது. நான் அதைக் கடைசியில்தான் செய்தேன். அதற்குள் வீட்டில் ஒருவரை மூன்று வருஷம் வருத்தப்பட வைத்துவிட்டேன்.

"வார்த்தை புரியலைங்க"

ஸ்பீக்கர் வந்த முதல் வாரமே என் மனைவி சொன்னாள்: "சத்தம் நல்லாத்தான் இருக்கு. ஆனா வார்த்தை புரியலைங்க."

எனக்குச் சுருக்கென்றது. இவ்வளவு விலை கொடுத்து வாங்கியதைக் குறை சொல்கிறாளே என்று. "உனக்குக் காது கொஞ்சம் மந்தமாயிட்டு வருதோ என்னமோ" என்றேன். வேடிக்கையாகத்தான் சொன்னேன். ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் அதையே சொன்னேன். உறவினர்கள் வந்தபோதும் சொன்னேன்.

அவள் இரண்டு விஷயம் சொல்லிப் பார்த்தாள். பாகவதர் பாட்டு மட்டும் நன்றாகப் புரிகிறது, பிற்காலத்துப் பாட்டும் கச்சேரியும்தான் குழப்புகிறது என்றாள். "பாகவதர் பாட்டு உனக்கு மனப்பாடம், அதனால்தான்" என்று அடக்கிவிட்டேன். பிறகு, தன் ஃபோனில் வைத்துக் கேட்டால் எல்லாம் புரிகிறது என்றாள். "ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கினதை விடவா அந்தத் தகர டப்பா உசத்தி?" என்று கேட்டேன்.

அந்த இரண்டிலும் விடை இருந்தது. நான்தான் கேட்கவில்லை.

கொஞ்ச நாளில் அவள் ஹாலில் உட்காருவதையே விட்டுவிட்டாள். சாயங்காலம் நான் ஹாலில் கச்சேரி கேட்பேன். அவள் உள்ளறையில் ஃபோனைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு சுசீலாவைக் கேட்பாள். கதவு சாத்தியிருக்கும். கடைசியில் நானே வற்புறுத்தி அவளைக் காது பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். பரிசோதித்தவர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "அம்மாவுக்கு வயசுக்கு ரொம்ப நல்லா இருக்கு. ஒரு குறையும் இல்லை" என்றார். திரும்பி வரும்போது ஆட்டோவில் அவள் ஒன்றும் பேசவில்லை. புத்தூர் நாலு ரோடு தாண்டியதும், "இப்ப சரிதானே?" என்று மட்டும் கேட்டாள்.

தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் காலம் தள்ளியவன் நான். அளவு பார்க்காமல் ஒரு பொருளையும் ஒப்புக்கொண்டதில்லை, ஒதுக்கியதும் இல்லை. வீட்டில் மட்டும் அளக்காமலே தீர்ப்பு எழுதியிருக்கிறேன்.

அறைக்கும் ஒரு சுருதி உண்டு

எங்கள் ஹால் 15 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம். செங்கல் சுவர், கான்கிரீட் கூரை, மொசைக் தரை, ஒரு பக்கம் கண்ணாடி ஷோகேஸ். புத்தூரில் நம் காலத்தில் கட்டிய வீடுகளில் பாதிக்கு மேல் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.

ஒலி நம் ஊர் வெயிலில் விநாடிக்குச் சுமார் 1,145 அடி போகிறது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவில் அது போய்த் திரும்பும்போது, ஒரு குறிப்பிட்ட ஸ்வரம் மட்டும் தன்மேல் தானே ஏறி உட்கார்ந்து ஓங்கும். கணக்கு எளிது. ஒலியின் வேகத்தை அறை அளவின் இரண்டு மடங்கால் வகுக்க வேண்டும். 15 அடிக்கு 38 ஹெர்ட்ஸ் வரும். 10 அடிக்கு 57 வரும். அவற்றின் இரண்டு மடங்கு, மூன்று மடங்கிலும் இதே கதை நடக்கும்.

இப்போது எங்கள் ஹாலின் துரதிர்ஷ்டத்தைப் பாருங்கள். 38-ன் மூன்று மடங்கு 114. அகலத்தின் 57-க்கு இரண்டு மடங்கு 114. உயரமும் 10 அடிதான், அதற்கும் 114. நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரே இடத்தில் கூட்டணி வைத்துவிட்டன. கொத்தனார் பத்துக்குப் பதினைந்து என்று முழு எண்ணாகக் கட்டிக் கொடுத்ததன் பலன் இது.

114 என்பது எங்கே இருக்கிறது? ஒரு கட்டை சுருதியில் பாடுகிறவரின் ஆதார ஸட்ஜம் சுமார் 131 ஹெர்ட்ஸ். அவர் மந்தர ஸ்தாயியில் இறங்கி, தோடியிலோ கரகரப்ரியாவிலோ கைசிகி நிஷாதத்தைத் தொட்டால் அது ஏறக்குறைய 116. பாடகர் அந்த நிஷாதத்துக்கு வரும்போதெல்லாம் எங்கள் வீட்டுச் சுவரும் கூடச் சேர்ந்து பாடியிருக்கிறது. மிருதங்கத்தில் தொப்பிப் பக்கத்துக் கும்கியும் அந்தப் பகுதியில் வழுக்கிப் போகும்போது உப்பியிருக்கிறது. நான் அதை "ஆஹா, என்ன கனமான நாதம்" என்று ரசித்துக்கொண்டிருந்தேன்.

வார்த்தை புரியாததற்குக் காரணமும் இதுதான். தாழ்ந்த ஒலி பலமாக இருந்தால் அதற்கு மேலே உள்ள மெல்லிய ஒலிகளை அது மூடிவிடும் என்பது காதின் இயல்பு. மேலே இருக்கும் ஒலி கீழே உள்ளதை அந்த அளவுக்கு மூடாது. ச, த, ப போன்ற வல்லினங்கள்தான் சொல்லுக்கு விளிம்பு கட்டுகின்றன. அவை மெல்லியவை. 114-ல் ஓங்கிய இரைச்சல் அவற்றை விழுங்கிவிட்டது. பாகவதர் காலத்து இசைத்தட்டுகளில் இந்தத் தாழ்ந்த ஒலி அதிகம் பதிவாகவே இல்லை. அவர் குரலும் மேலே நிற்கும் குரல். அதனால் அறை விழித்துக்கொள்ளவில்லை. ஃபோனின் சின்ன ஸ்பீக்கருக்கு 114 ஹெர்ட்ஸை எழுப்பும் சக்தியே கிடையாது. அதனால் அதிலும் வார்த்தை புரிந்தது. என் மனைவி சொன்ன இரண்டு சாட்சியமும் அப்பழுக்கில்லாதவை.

முற்றத்தை மூடினோம்

சின்ன வயதில் ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் தாத்தா வீட்டில் ஒரு வால்வு ரேடியோ இருந்தது. 1939-ல் தொடங்கிய நம் திருச்சி வானொலி நிலையத்திலிருந்து வரும் கச்சேரிகளை அந்தத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறோம். ஒற்றை ஸ்பீக்கர்தான். ஆனால் ஒரு வார்த்தை பிசகாது. அதைப் பழைய நினைவின் மயக்கம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

அது முழுக்க மயக்கம் இல்லை. ரேடியோ பழையதுதான், அதில் அதிர வைக்கும் பேஸ் கிடையாது. அதோடு முன்னால் முற்றம் இருந்தது. அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வாலஸ் சபைன் என்ற இயற்பியல் ஆசிரியர் 1895-ல், யார் பேசினாலும் புரியாத ஒரு விரிவுரை மண்டபத்தைச் சரிசெய்யும் பொறுப்பை ஏற்றார். அங்கே ஒரு சொல் சொன்னால் ஐந்தரை விநாடி வரை அதன் மிச்சம் சுற்றிக்கொண்டிருந்ததாம். இரவு நேரங்களில் பக்கத்து அரங்கத்திலிருந்து இருக்கை மெத்தைகளைத் தூக்கி வந்து அடுக்கி, எத்தனை மெத்தைக்கு எவ்வளவு எதிரொலி குறைகிறது என்று அளந்தார். அவர் வைத்துக்கொண்ட அளவுகோல் எது தெரியுமா? திறந்த ஜன்னல். திறந்த ஜன்னலுக்குப் போன ஒலி திரும்பி வராது. எனவே அதுதான் முழுமையான உறிஞ்சி. நம் முற்றம் என்பது கூரையிலேயே திறந்து வைத்த ஒரு பெரிய ஜன்னல். ஓட்டுக்கூரையின் இடுக்குகளும் தம் பங்குக்கு ஒலியை வெளியே விட்டன.

அந்த முற்றத்தை மூடி கான்கிரீட் போட்டோம், மொசைக் போட்டோம், கொசுவுக்குப் பயந்து ஜன்னலையும் சாத்தினோம். இப்போது அறையைச் சரிசெய்ய மென்பொருள் தேடுகிறோம்.

இந்த விஷயத்தில் நம் ஊருக்கு ஒரு பெருமையும் உண்டு. 1888-ல் திருவானைக்காவலில் பிறந்த சர் சி.வி. ராமனை ஒளிச்சிதறலுக்காகவே உலகம் நினைக்கிறது. அதற்கு முன் அவர் ஒலியில் ஆழ்ந்து வேலை செய்தவர். மிருதங்கத்தின் வலந்தலையில் அப்பிய கரணைதான், வெறும் தோலிலிருந்து வராத இசைவான மேல்சுரங்களை வரவழைக்கிறது என்று 1920-ல் எழுதினார். லண்டன் செயின்ட் பால் தேவாலயம், பீஜப்பூர் கோல்கும்பஸ் போன்ற கட்டடங்களில் சுவரோரம் கிசுகிசுத்தால் மறுகோடியில் கேட்கும் விந்தையையும் ஆராய்ந்தார். வாத்தியத்தின் ஒலி ஒன்று, கட்டடம் அதைச் செய்வது வேறொன்று என்பதை நம் ஊரில் பிறந்தவரே நூறு வருஷத்துக்கு முன் அளந்து பார்த்திருக்கிறார். நான்தான் தாமதம்.

அளந்த நாள்

எதிர் வீட்டுப் பையன் ஒருவன் ஒலிப்பதிவில் ஆர்வம் உள்ளவன். புது ஸ்பீக்கர் வாங்கலாமா என்று அவனிடம் யோசனை கேட்கப் போனேன். "அங்கிள், ஸ்பீக்கர் மாத்தறதுக்கு முன்னாடி ஹாலை ஒரு தடவை அளந்துடலாம்" என்றான். அளவெடுப்பதற்கென்றே செய்த ஒரு மைக்கையும் மடிக்கணினியையும் எடுத்துக்கொண்டு வந்தான். ஃபோனில் உள்ள மைக் பேச்சுக்காகச் செய்தது, தாழ்ந்த ஒலிக்கு அதை நம்ப முடியாது என்றான்.

மென்பொருளின் பெயர் ரூம் ஈக்யூ விசார்ட். ஜான் மல்கஹி என்பவர் எழுதியது, இலவசமாகக் கிடைக்கிறது. மைக்கை நான் உட்காரும் இடத்தில் காது உயரத்தில் நிறுத்தினான். ஃபேன் சத்தம் அளவைக் கெடுக்கும் என்பதால் அணைக்கச் சொன்னான். சித்திரை மாதம். வயலூர் ரோட்டில் பஸ் போகாத நேரமாகப் பார்த்து விடியற்காலை ஐந்து மணிக்கே ஆரம்பித்தோம். ஸ்பீக்கரிலிருந்து 20 ஹெர்ட்ஸில் தொடங்கி 20,000 வரை ஒரு ஒலி 'ஊ' என்று கீழிருந்து மேலேறிப் போனது. பக்கத்து வீட்டுக்காரர் எழுந்து வந்து, "தண்ணி மோட்டார்ல ஏதாவது கோளாறா சார்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

திரையில் ஒரு கோடு வந்தது. சமவெளியாக இருக்க வேண்டிய இடத்தில் மலைக்கோட்டை மாதிரி ஒன்று நின்றது. 114-ல். அக்கம்பக்கத்தை விட 12 டெசிபெல் உயரம். 10 டெசிபெல் கூடினாலே காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்றும் என்றால் 12 எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். 57-ல் இன்னொரு குன்று. ஸ்பீக்கர் நிறுத்திய பிறகும் 114 மட்டும் அரை விநாடிக்கு மேல் இழுத்துக்கொண்டிருப்பதை வேறொரு படம் காட்டியது.

நான் ஆம்ப்ளிஃபையரைப் பார்த்தேன். 'லவுட்னஸ்' பொத்தான் அமுங்கியிருந்தது. வாங்கிய அன்று அமுக்கியது. பேஸைக் கூட்டிக் காட்டும் பொத்தான் அது. அதை விடுவித்தேன்.

மென்பொருளுக்கு முன்னால் கை வேலை

இங்கே என் அபிப்பிராயத்தைத் திட்டமாகச் சொல்லிவிடுகிறேன். அளப்பதற்கு மென்பொருள் முதலில் வர வேண்டும். திருத்துவதற்கு அது கடைசியில்தான் வர வேண்டும். நடுவில் நாற்காலி, திரைச்சீலை, மெத்தை எல்லாம் இருக்கின்றன.

அழகுக்காக இரண்டு மூலையில் ஒட்டி வைத்திருந்த ஸ்பீக்கர்களை முன்னால் இழுத்தோம். சுவர் ஒவ்வொன்றும் தாழ்ந்த ஒலியைக் கூட்டிக் கொடுக்கும். மூலை என்றால் இரண்டு சுவரும் தரையும் சேர்ந்து கொடுக்கும். பின் சுவரை ஒட்டிக் கிடந்த சோபாவை நகர்த்தி, தலை சுவரிலிருந்து இரண்டரை அடி தள்ளி இருக்கும்படி போட்டோம். அது நீளத்தில் ஆறில் ஒரு பங்கு. அந்த இடத்தில் நீளவாட்டத்து 114 வலுவிழக்கும் என்று கணக்கு சொன்னது. அளந்தால் மலை 12-லிருந்து 8 ஆகியிருந்தது. ஒரு பைசா செலவில்லை.

அடுத்து எதிரொலி. எங்கள் ஹால் வெறுமையாக இருந்தால் சபைனின் வாய்பாட்டுப்படி ஒலி அடங்க ஒன்றரை விநாடிக்கு மேல் ஆகும். வீட்டில் பாட்டு கேட்க அரை விநாடி அளவில் இருந்தால் நல்லது. ஷோகேஸ் கண்ணாடிக்கு முன் கனமான திரை போட்டோம். பரணில் கிடந்த இலவம்பஞ்சு மெத்தை ஒன்றைத் துணி தைத்துப் பின் சுவரில் மாட்டினோம். தரையில் ஜமுக்காளத்தை இரண்டாக மடித்து விரித்தோம். கோரைப்பாய் போதாது. மெல்லியது, பெரிதாக உறிஞ்சாது. கை தட்டினால் வந்த 'டணங்' இப்போது வருவதில்லை.

ஆனால் 114-ஐ மெத்தையால் ஒன்றும் செய்ய முடியாது. அதன் அலைநீளம் பத்து அடி. அதைப் பிடித்து நிறுத்த இரண்டடி, இரண்டரை அடி கனத்துக்குப் பஞ்சு வேண்டும். பிறகு ஹாலில் பஞ்சுதான் இருக்கும், நாம் இருக்க முடியாது. வெளிநாட்டில் மரச்சட்டத்தில் பலகை அடித்த சுவர்கள் தாழ்ந்த ஒலியைக் கொஞ்சம் வெளியே கசிய விடும். நம் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் விடாது. அதனால் நம் வீடுகளுக்கு மென்பொருளின் உதவி அவர்களை விட அதிகமாகவே தேவை என்பது என் எண்ணம்.

மென்பொருள் செய்வதும் செய்யாததும்

அளந்த கோட்டைப் பார்த்து, எந்த இடத்தில் எவ்வளவு குறைக்க வேண்டும் என்று மென்பொருள் ஒரு பட்டியல் தரும். அதைக் கணினியில் ஈக்வலைசர் ஏபிஓ என்ற இன்னொரு இலவச மென்பொருளில் ஏற்றினால், பாட்டு ஆம்ப்ளிஃபையருக்குப் போவதற்கு முன்பே அந்த இடங்கள் தணிக்கப்பட்டுவிடும். காசு கொடுத்து வாங்குவதிலும் உண்டு. ஸ்வீடன் உப்சாலாவிலிருந்து வரும் டிராக், அமெரிக்காவில் தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆராய்ச்சியில் பிறந்த ஆடிஸி இரண்டும் பெயர் பெற்றவை. இப்போது வரும் சில ஹோம் தியேட்டர் பெட்டிகளில் மைக்கும் சேர்த்தே தருகிறார்கள்.

நான் செய்த முதல் தவறு, எல்லாவற்றையும் அதன் கையில் விட்டது. 20-லிருந்து 20,000 வரை கோடு நேராக வரட்டும் என்று அமுக்கிவிட்டேன். கோடு நேராக வந்தது. பாட்டு செத்துவிட்டது. தம்பூரா ஈ மொய்ப்பது போல் இருந்தது. மிருதங்கத்தில் தொப்பியே இல்லை. உள்ளேயிருந்து வந்த மனைவி, "என்ன, பெரியாஸ்பத்திரியில டோக்கன் கூப்பிடற மைக் மாதிரி இருக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

பிறகுதான் புரிந்தது. மான்ஃப்ரெட் ஷ்ரோடர் என்ற ஜெர்மானிய இயற்பியலாளர் பெயரால் ஓர் எல்லைக் கோடு உண்டு. அதற்குக் கீழே அறைதான் எஜமான். மேலே போகப் போக ஸ்பீக்கர்தான் எஜமான். எங்கள் ஹாலுக்கு அது சுமார் 240 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே மட்டும் திருத்தினால் போதும். மேலே தயாரித்தவன் செய்ததைக் கெடுக்காமல் விட்டுவிடலாம். நல்ல அறையில் நல்ல ஸ்பீக்கரை அளந்தாலும் மேலே போகப் போகக் கோடு மெல்லச் சரியத்தான் செய்யும். அதை நிமிர்த்தக் கூடாது.

இரண்டாவது, மேட்டைக் குறைக்கலாம், பள்ளத்தை நிரப்ப முடியாது. சோபாவை நகர்த்திய இடத்தில் 76 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளம் வந்தது. போகிற ஒலியும் திரும்புகிற ஒலியும் ஒன்றையொன்று அழிக்கிற இடம் அது. அங்கே எவ்வளவு ஊற்றினாலும் அதுவும் அழியும். 10 டெசிபெல் ஏற்றினால் ஆம்ப்ளிஃபையர் பத்து மடங்கு சக்தி கொடுக்க வேண்டும். ஓட்டை வாளியில் தண்ணீர் பிடிக்கும் வேலை. விட்டுவிட்டேன். 114-ஐயும் 57-ஐயும் மட்டும் குறைத்தேன். மேடு குறைந்ததும் இழுத்துக்கொண்டிருந்த ரீங்காரமும் காதில் விழாத அளவுக்குப் போய்விட்டது.

பதிவில் கை வைப்பது பாவம் என்று சொல்லும் ரசிகர்கள் உண்டு. எனக்கும் அப்படி இரண்டு நண்பர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு என் பதில்: அறை ஏற்கெனவே கை வைத்துவிட்டது, நாம் அந்தக் கையை எடுக்கிறோம், அவ்வளவுதான். ஆலத்தூர் சகோதரர்கள் பாடியபோது என் வீட்டுச் சுவர் அவர்களோடு பக்கப்பாட்டு பாடவில்லை.

யாருடைய நாற்காலி?

மூன்றாவது தவறுதான் பெரியது. அளந்தது முழுவதும் என் இடத்தில். சோபாவில் நடுவில். திருத்திய பிறகு அங்கே பிரமாதமாக இருந்தது. மனைவியை அழைத்தேன். அவள் வழக்கம்போல் சமையலறை வாசல் பக்கத்து ஊஞ்சலில் உட்கார்ந்தாள். "இப்ப எப்படி இருக்கு?" என்றேன்.

"குரல் மெலிஞ்சு போச்சு. கீழ ஏதோ இன்னும் உருமுது" என்றாள்.

பழைய நானாக இருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று உங்களுக்கே தெரியும். இந்த முறை மைக்கை எடுத்துக்கொண்டு போய் ஊஞ்சல் பக்கத்தில் நிறுத்தினேன். அவள் சொன்னதுதான் திரையிலும் வந்தது. என் இடத்துக்காகக் குறைத்தது அவள் இடத்தில் பள்ளம் ஆகியிருந்தது. 57 அங்கே இன்னும் ஓங்கியிருந்தது.

அறை திருத்தம் என்பது ஒரு நாற்காலிக்கான திருத்தம். எதை நடுவில் வைத்து அளக்கிறோமோ அவருக்குத்தான் சங்கீதம். மற்றவர்களுக்கு மிச்சம். எனவே சோபாவில் மூன்று இடம், ஊஞ்சலைச் சுற்றி மூன்று இடம் என்று ஆறு இடத்தில் அளந்து, சராசரி எடுத்து, ஆறிலும் பொதுவாக ஓங்கியிருந்ததை மட்டும் குறைத்தோம். என் இடத்தில் முன்பிருந்த அளவுக்குத் துல்லியம் இல்லை. நான் அதைப் பற்றிக் குறைப்பட மாட்டேன்.

ஆனாலும் அவள் இன்னொன்று சொன்னாள். "வார்த்தை புரியுது. ஆனா 'ஸ்' 'ஸ்'ன்னு காதைக் குத்துது."

ஆம்ப்ளிஃபையரில் ட்ரெபிள் குமிழ் கடிகாரத்தில் மூன்று மணி காட்டுவது போல் வலப்பக்கம் திரும்பியிருந்தது. யார் திருப்பியது? நான்தான். பாட்டு மங்கலாக இருக்கிறதென்று கொஞ்சம் கொஞ்சமாக. அதை நடுவில் வைத்துக் கேட்டால் அவளுக்குச் சரியாக இருந்தது. எனக்குத்தான் போர்வைக்கு உள்ளேயிருந்து பாடுவது போல் இருந்தது.

மறு வாரம் அதே பரிசோதனை இடத்துக்குப் போனேன். இந்த முறை காதுக் கருவியை மாட்டியது எனக்கு. 3,000 ஹெர்ட்ஸுக்கு மேல் கோடு படிக்கட்டில் இறங்குவது போல் இறங்கியது. வயதானால் மேல் ஒலிகள்தான் முதலில் போகும், தொழிற்சாலை இரைச்சலில் வேலை பார்த்தவர்களுக்கு இன்னும் சீக்கிரம் போகும் என்றார்கள். மூன்று வருஷமாக யார் காதைப் பற்றி உறவினர்களிடம் பேசிக்கொண்டிருந்தேனோ அவர் காது நன்றாக இருக்கிறது. கெட்டிருந்தது அறையும் நானும்.

அறையின் குறையை மென்பொருள் திருத்தும். காதின் குறையை அதை வைத்துத் திருத்தப் பார்க்கக் கூடாது. எனக்காக ட்ரெபிளை ஏற்றினால் வீட்டில் இருக்கும் மற்ற எல்லோர் காதும் குத்தும். அதற்கு என் காதில் வைக்கும் கருவிதான் வழி. வாங்கிவிட்டேன். பழகிக்கொண்டிருக்கிறேன். குழம்பில் கடுகு தாளிக்கும் சத்தம் ஹாலில் கேட்கிறது.

எனவே நம் வயது நண்பர்களுக்கு நான் சொல்வது இதுதான். லவுட்னஸ் பொத்தானைப் பாருங்கள். ஸ்பீக்கரை மூலையிலிருந்து எடுங்கள். சோபாவைச் சுவரிலிருந்து நகர்த்துங்கள். ஒரு பழைய மெத்தையை மாட்டுங்கள். அளக்கத் தெரிந்த ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு ஒரே இடத்தில் அல்ல, வீட்டில் எல்லோரும் உட்காரும் இடங்களில் அளக்கச் சொல்லுங்கள். 240-க்கு மேலே கை வைக்காதீர்கள். இத்தனைக்கும் பிறகு சரியில்லை என்றால் புது ஸ்பீக்கரைப் பற்றி யோசியுங்கள். அதற்கு முன் உங்கள் காதையும் ஒரு தடவை பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் முடிந்த பிறகு உறவினர்கள் வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லோர் முன்னாலும் அவளிடம் சொன்னேன்: "காது எனக்குத்தான் மந்தம். நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "சரி, சுசீலா பாட்டுப் போடுங்க" என்று ஊஞ்சலில் வந்து உட்கார்ந்தாள்.